கொலை முயற்சி வழக்கில் தம்பி ரிமாண்ட்: எப்படிப்பட்ட வக்கீலை வைப்பது?

கேள்வி இது: ஊர்க் கோயில் கொடையில் இரண்டு தரப்புக்கும் அடிதடி. எதிர்த்தரப்பில் ஒருவருக்குத் தலையில் அரிவாள் வெட்டு. வெட்டியது வேறொருவர். ஆனால் கூட நின்ற 24 வயதுத் தம்பியையும் ஏ3 ஆக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது ஆளாகச் சேர்த்து கொலை முயற்சி வழக்குப் போட்டுவிட்டார்கள். நேற்று ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்தாகிவிட்டது. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வக்கீல் பெயர் சொல்கிறார்கள். யாரை வைப்பது? எவ்வளவு செலவாகும்? எப்போது வெளியே வருவான்?

நான் தென் மாவட்டம் ஒன்றில் கிரிமினல் பக்கம் வேலை பார்க்கும் வக்கீல். யார் பெயரையும் சிபாரிசு செய்யமாட்டேன். எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு இப்போது கண்ணில் தெரிவது ஜாமீன். அது சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கிடைத்துவிடும். வழக்கு அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஓடும். ஜாமீனுக்காக அலைந்த அவசரத்தில் கையில் கிடைத்தவரிடமே மொத்த வழக்கையும் விட்டுவிட்டு, சாட்சி விசாரணை அன்று அவர் வராமல் ஜூனியர் வந்து வாய்தா கேட்கும்போது திகைத்து நிற்கிற குடும்பங்களை ஒவ்வொரு செஷன்ஸ் கோர்ட் வராந்தாவிலும் பார்க்கலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவருக்கு ஜாமீன் மனு போடவும் தெரியும். ஜாமீன் மட்டுமே எடுத்துப் பழகியவருக்குக் குறுக்கு விசாரணை வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் எஃப்.ஐ.ஆரைக் கையில் வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இணையத்தில் இல்லாவிட்டால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கலாம். சம்பவம் 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் வராது. பாரதிய நியாய சன்ஹிதாதான். கொலை முயற்சிக்கான பழைய 307 இப்போது 109. அடிதடி வழக்குகளில் வழக்கமாக ஒரு கோர்வையாக வரும்: 296(பி), 115(2), 118(1), 109(1), 351(3). கெட்ட வார்த்தையில் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை முயற்சி, கொலை மிரட்டல் என்று வரிசையாக இருக்கும். இதில் உங்கள் தம்பிக்கு உண்மையில் ஆபத்தானது 109. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அதோடு சேர்த்து, ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லும் 3(5) போட்டிருக்கிறார்களா, அல்லது ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடியதாகக் காட்டி 190 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய கணக்கில் சொன்னால் 34-உம் 149-உம்.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. “அவன் வெட்டவே இல்லையே, சும்மா நின்றான்” என்று வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள். வெட்டினான் என்று போலீஸும் சொல்லவில்லை. வெட்டியவனோடு ஒரே எண்ணத்தில் இருந்தான் என்பதுதான் அவர்கள் வழக்கு. ஆகவே தம்பியின் வக்கீல் உடைக்க வேண்டியது அந்த ஒரே எண்ணத்தை. அவன் கையில் ஆயுதம் இருந்ததா, “வெட்டுடா” என்று கத்தினானா, காயம்பட்டவரைப் பிடித்துக்கொண்டானா, வெட்டு விழுந்த பிறகும் அங்கேயே இருந்தானா? எஃப்.ஐ.ஆரில் ஏ3 பற்றி வருவது ஒன்றிரண்டு வரியாகத்தான் இருக்கும். அந்த வரியை நீங்கள் பார்க்கப் போகும் வக்கீல் எப்படிப் படிக்கிறார் என்று கவனியுங்கள். படிக்காமலேயே “பாத்துக்கலாம், சின்ன விஷயம்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் இந்த வழக்கில் நீங்கள் எடுக்கப் போகும் மிகப் பெரிய முடிவு. ஏ1, ஏ2 குடும்பத்தார் ஏற்கெனவே ஒரு வக்கீலைப் பேசியிருப்பார்கள். “எல்லாருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், செலவைப் பங்கு போட்டுக்கலாம், ஊர் ஒற்றுமையா நிக்கணும்” என்று உங்களிடமும் வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏ1-இன் கையில் அரிவாள். ஏ3-க்கு நல்லது எதுவென்றால் “வெட்டியது ஏ1, என் கட்சிக்காரர் தூரத்தில் நின்றார்” என்று சாட்சியின் வாயிலிருந்தே வரவைப்பது. ஏ1-க்கும் சேர்த்து வக்காலத்துப் போட்ட ஒருவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்டால் தன்னுடைய இன்னொரு கட்சிக்காரரை மாட்டிவிட்டது போலாகும். கேட்காமல் விட்டால் உங்கள் தம்பியும் ஏ1-ஓடு சேர்ந்து உள்ளே போவான். நல்ல வக்கீல் என்றால் இதை அவரே சொல்லி, “ஏ3-க்கு வேற ஆளைப் பாருங்க” என்று அனுப்பிவிடுவார். அரசியல் கட்சிக்காரர்கள் ஏற்பாடு செய்து தரும் வக்கீல், சாதிச் சங்கம் ஏற்பாடு செய்யும் வக்கீல் என்று வந்தாலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பணம் கொடுப்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? சங்கத்துக்குத் தன் மானம் பெரிதாக இருக்கலாம். உங்களுக்கு தம்பியின் பத்து வருஷம் பெரிது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் “இவரை வைங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று ஒரு பெயர் சொன்னால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். வழக்குப் போட்ட ஸ்டேஷனை நம்பி வருமானம் பார்ப்பவர், அதே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைக் கூண்டில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கமாட்டார். அரசு ஆஸ்பத்திரி வாசலில், சிறை வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டுபவர்களும் வேண்டாம். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் ஆள் வைத்தோ விளம்பரம் செய்தோ வழக்குப் பிடிக்கக் கூடாது. “ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்” என்று சொல்கிறவர் பக்கமே போகாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பணம் கொடுத்தால் அது தனியாக ஒரு குற்றம். பணமும் திரும்பி வராது.

சரி, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் காசு வேண்டாம். ஒன்று, கோர்ட்டில் போய் உட்காருவது. கிரிமினல் விசாரணை பொதுவாக எல்லோரும் பார்க்கக் கூடியதுதான். சில வகை வழக்குகள் மட்டும் மூடிய அறையில் நடக்கும். உங்கள் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்கிற நாளில் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். சத்தம் போடுகிறவரைப் பார்த்து மயங்க வேண்டாம். சாட்சி போலீஸிடம் முன்பு கொடுத்த வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைப் போலீஸில் சொன்னீர்களா?” என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டு, நீதிபதி அதைப் பதிவு செய்கிற வரைக்கும் காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போகிறவரைப் பாருங்கள். இரண்டாவது, இ-கோர்ட்ஸ் தளம். வக்கீல் பெயரையோ பார் கவுன்சில் பதிவு எண்ணையோ போட்டால் அவர் ஆஜராகும் வழக்குகள் வரும். முடிந்த செஷன்ஸ் வழக்குகளின் தீர்ப்பைத் திறந்து படியுங்கள். குறுக்கு விசாரணையில் என்ன கிடைத்தது என்பது தீர்ப்பிலேயே இருக்கும். தோற்ற வழக்கும் இருக்கட்டும். தோற்றாலும் எல்லா முக்கியமான கேள்வியும் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் குடும்பத்துக்குப் பத்திரம், பாகப்பிரிவினை பார்த்துக் கொடுக்கிற சிவில் வக்கீல் நல்ல மனிதராக இருப்பார். அவரிடம் ஆலோசனை கேளுங்கள். வழக்கைக் கொடுக்காதீர்கள்.

நேரில் பேசும்போது என்ன கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனித்தாலே போதும். நான் ஒரு வக்கீலின் தரத்தைப் பார்ப்பது அப்படித்தான். “ஏ.ஆர். காப்பி பாத்தீங்களா?” என்று முதல் பத்து நிமிடத்தில் கேட்டால் ஆளுக்கு விஷயம் தெரியும். காயம்பட்டவர் முதலில் போன ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிற குறிப்பு அது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், எத்தனை பேர் தாக்கியதாகச் சொன்னார், என்ன ஆயுதம், எந்த இடம் என்று நாலைந்து வரி. போலீஸ் வருவதற்கு முன்னால், பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் வருவதற்கு முன்னால், ரத்தம் வடிய வடியச் சொன்ன வார்த்தை. அதில் “தெரிந்த இரண்டு பேர்” என்று இருந்து, மூன்று மணி நேரம் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர் இருந்தால், அந்த நாலு பேர் நடுவில் எப்படி வந்தார்கள் என்பதுதான் வழக்கே. உங்கள் தம்பி அந்த நாலு பேரில் ஒருவனாக இருக்கலாம். டாக்டரைச் சாட்சிக் கூண்டில் வைத்து அந்த ஒரு வரியைப் பதிவு செய்யவைத்தால், பிறகு வருகிற எத்தனையோ சாட்சியம் ஆட்டம் கண்டுவிடும்.

இதேபோல எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பது. எஃப்.ஐ.ஆரின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் நேரமும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலை நாலு மணிக்கு, ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற மாஜிஸ்திரேட்டிடம் போனது என்றால், நடுவில் உட்கார்ந்து பெயர் சேர்த்தார்களா என்ற கேள்வி வரும். அப்புறம் ஆயுதம் கைப்பற்றியது. நம் ஊர் வழக்குகளில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளரும்தான் சாட்சி. எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) தானாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, முள்காட்டுக்குள் கூட்டிப்போய் அரிவாளை எடுத்துக் கொடுத்ததாக மகஜர், அதாவது கைப்பற்றியதை எழுதிய தாள், இருக்கும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும்தான் ஏற்கப்படும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் பார்க்கும் வக்கீல் அந்த வீடியோவைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் 2024-இல் வந்த புதிய சட்டத்தைப் படித்திருக்கிறார்.

அவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: “உங்க பக்கம் யாருக்காவது காயம் உண்டா?” கோயில் கொடைச் சண்டையில் அடி ஒரு பக்கம் மட்டும் விழாது. உங்கள் பக்கத்திலும் காயம் இருந்து புகார் கொடுத்திருந்தால் அது எதிர் வழக்கு. வழக்கையும் எதிர் வழக்கையும் சேர்த்து விசாரித்து, முதலில் தாக்கியது யார் என்று பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை 566 சொல்கிறது. பழைய எண் 588-ஏ. பெரிய வக்கீல்கள் இன்றும் பழைய எண்ணில்தான் பேசுவார்கள். இரண்டு வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. காயம் இருந்தும் “வம்பு வேண்டாம்” என்று வீட்டிலேயே மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதிவு வேண்டும். தற்காப்பு என்று பின்னால் சொல்ல நேர்ந்தால் அந்தக் காயம்தான் ஆதாரம்.

தம்பிக்கே காயம் என்றால் அது தனி. ஸ்டேஷனில் அடித்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறையில் சேர்க்கும்போது சிறை டாக்டர் உடம்பைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். அதையும், ரிமாண்ட் நேரத்தில் மாஜிஸ்திரேட்டிடம் என்ன சொன்னான் என்பதையும் வக்கீல் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் அடிக்குப் பிறகு மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகப்பட்டு, ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, சில நாட்களில் உயிரை விட்டார்கள். ரிமாண்டை வெறும் சடங்காக நினைக்கிற வக்கீலை அதனால்தான் நான் ஒருபோதும் நம்புவதில்லை. கைதுக்கான காரணத்தைத் தம்பிக்குத் தெரியும்படி சொன்னார்களா, எழுதிக் கொடுத்தார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா என்பதும் இதோடு சேர்ந்தது. காரணம் தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி ஜாமீன். நீங்கள் அதிகம் எதிர்பார்த்தது இதைத்தான் என்று தெரியும். 109 செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டிய குற்றம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பொதுவாகத் தள்ளுபடி ஆகும். பிறகு மாவட்ட செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் இல்லையென்றால் உயர் நீதிமன்றம். தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. கோர்ட்டில் முதலில் கேட்கப்படுவது “காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?” என்பது. அவர் இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது மனுப் போட்டுத் தள்ளுபடி வாங்குவதில் லாபம் இல்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு கொலை வழக்காக மாற்றப்படும். அப்போது எல்லாமே மாறிவிடும். எனவே “நாளைக்கே எடுத்துத் தர்றேன்” என்கிறவரைவிட, “அவர் டிஸ்சார்ஜ் ஆகட்டும், அதுக்குள்ள பேப்பரெல்லாம் ரெடி பண்ணிருவோம்” என்கிறவர் நிதானமானவர்.

நாள் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை நீங்களே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் தண்டனையோ பத்து வருஷமும் அதற்கு மேலும் தண்டனையோ வரக்கூடிய வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அதைவிடச் சிறிய குற்றங்களுக்கு 60 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் கேட்காமல் கிடைக்காது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆவதற்கு முன்னால் மனு உள்ளே போயிருக்க வேண்டும். கெடு முடிந்த மறுநாள் காலையில் கோர்ட் திறக்கும்போதே மனுவோடு நிற்கிற வக்கீல் வேண்டும்.

தம்பி மேல் ஏற்கெனவே ஏதாவது அடிதடி வழக்கு இருந்தால் குண்டர் சட்டம் பற்றியும் உடனே பேசுங்கள். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. மாவட்டங்களில் கலெக்டர், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் உத்தரவு போடலாம். ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். இந்த உத்தரவு வந்துவிட்டால் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாது. அந்த உத்தரவுகளில் வழக்கமாக எழுதப்படுவது, “எதிரி ஜாமீன் மனு போட்டிருக்கிறார், வெளியே வர வாய்ப்பு உண்டு” என்பது. அதாவது எந்த நாளில் ஜாமீன் மனு போடுகிறோம் என்பதே தடுப்புக் காவலுக்குக் காரணமாகலாம். ஜாமீன் மனு எதுவும் நிலுவையில் இல்லாதபோது போடுகிற உத்தரவு பொதுவாக நிற்காது என்று 2011-இல் ரேகா வழக்கில், அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை யோசித்து நாள் பார்க்கிற வக்கீலும், பார்க்காமல் மனுவைத் தட்டிவிடுகிற வக்கீலும் ஒரே ஃபீஸ் வாங்கலாம். தம்பிக்கு வித்தியாசம் ஒரு வருஷம்.

செலவு பற்றித் தொகை சொல்லமாட்டேன், ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். பேசுகிற விதத்தைச் சொல்கிறேன். ஜாமீனுக்கு எவ்வளவு, உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அங்கே யார் நிற்பார், அதற்கு எவ்வளவு, செஷன்ஸில் விசாரணைக்கு எவ்வளவு, அதில் சாட்சி விசாரணை நாள் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்பாரா, நகல், டைப்பிங், குமாஸ்தா செலவு உள்ளேயா வெளியேயா என்று கட்டம் கட்டமாகப் பேசி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். “விடுதலை ஆனா இவ்வளவு” என்கிற பேச்சு வேண்டாம். முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “முக்கிய சாட்சிகளை நீங்களே குறுக்கு விசாரணை செய்வீர்களா, ஜூனியரா?” ஜூனியர் செய்வது தப்பில்லை, சில ஜூனியர்கள் பிரமாதமாகச் செய்வார்கள். ஆனால் யார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நகையை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவின்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். சிறைக்குள்ளிருந்தும் தம்பி எழுதிக் கேட்கலாம். “இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு வருவார்” என்ற எண்ணம் ஊரில் உண்டு. எதிரிகள் தரப்புக்கென்றே முழுநேரமாக நியமிக்கப்பட்ட சட்ட உதவி வக்கீல்கள் இப்போது பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் தனியார் வழக்கு எடுக்கக் கூடாது, நாள் முழுக்க இதே வேலை. கடன் வாங்கிப் பெயர் பெற்றவரைப் பிடித்து, பாதியில் பணம் கட்ட முடியாமல் விசாரணை நடுவே வக்கீல் இல்லாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எதிர்த்தரப்புக்கு ஊரில் செல்வாக்கு அதிகம், உள்ளூர் வக்கீல்கள் யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள் என்றெல்லாம் சில வழக்குகளில் வரும். அப்படிப்பட்ட தீர்மானம் செல்லவே செல்லாது. கோயம்புத்தூரில் போலீஸுக்கும் வக்கீல்களுக்கும் மோதல் வந்தபோது, போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கிருந்த சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, இந்த மாதிரித் தீர்மானங்கள் அத்தனையும் செல்லாது என்றது.

வக்கீல் அமைந்துவிட்டார் என்றால், தம்பி அவரிடம் முழு உண்மையைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு முன்னால் சொல்லத் தயங்குவான், அதனால் வக்கீல் தனியாகச் சிறைக்குப் போய்ப் பார்ப்பதே சரி. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே காப்பாற்றுகிறது. நீங்கள் மனு போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கப் போகும்போது வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிட்டானா, மருந்து வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தம்பி படத்தைப் போட்டு “சிங்கம் திரும்ப வரும்” என்று எழுதுகிற கூட்டாளிகளை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சாட்சி ஆளை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு நடக்க வேண்டி வந்தால் வெளியே சுற்றுகிற அந்தப் படம் யாருக்கு உதவும் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும், ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ஷாட் ஜாமீன் மனுவை எதிர்க்க உதவும் என்பது மட்டும் நிச்சயம். காயம்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசவும் வேண்டாம். நல்ல மனதோடு போனாலும் சாட்சியை மிரட்டியதாகத் திரும்பும். சமாதானம் பேச ஒரு காலம் வரும், அப்போது வக்கீல் வழியாகப் போகட்டும். 109 நேரடியாகச் சமரசம் செய்யக்கூடிய பிரிவில்லை. காயம் எந்த இடத்தில், எந்த ஆயுதத்தால் என்றெல்லாம் பார்த்து சமாதானத்தை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம், செய்யாமலும் விடலாம். 2014-இல் நரிந்தர் சிங் வழக்கிலும் 2019-இல் லட்சுமி நாராயண் வழக்கிலும் அதற்கான அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கோயில் பக்கத்துக் கடைகள், ஏ.டி.எம்., பந்தல்காரர் வீடியோ, எங்கெல்லாம் கேமரா உண்டு என்று பட்டியல் எடுங்கள். சி.சி.டி.வி. பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும். தம்பி தூரத்தில் நின்றதைக் காட்டுவது அது ஒன்றாகத்தான் இருக்கும். நீங்களே போய் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடாதீர்கள். வக்கீலிடம் சொல்லி, பத்திரப்படுத்தச் சொல்லிப் போலீஸுக்கு எழுத்தில் கொடுத்து, கோர்ட்டிலும் மனு போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமாக இருக்கும் பொருளை மறைக்கச் சொல்கிற வக்கீல் உங்களையும் எதிரியாக்கிவிடுவார். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

விசாரணை தொடங்கியதும் ஒரு பழக்கத்தில் கவனமாக இருங்கள். அரசுத் தரப்புச் சாட்சி சொல்லி முடித்ததும் அன்றைக்கே குறுக்கு விசாரணை செய்யாமல், “பிறகு கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்” என்று தள்ளிவைப்பது இங்கே ரொம்ப காலமாக நடக்கிறது. நடுவில் சாட்சியை வளைத்துவிடலாம் என்ற கணக்கு அது. 2015-இல் வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இப்போது தள்ளிவைத்தால் மறுபடி அழைக்கும் மனு தள்ளுபடியாகி, முக்கிய சாட்சி ஒரு கேள்வியும் கேட்கப்படாமலேயே நின்றுவிடலாம். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வக்கீல் அலுவலகத்துக்குப் போய் உட்காருங்கள். குற்றப்பத்திரிகையோடு கொடுத்த நகல்கள் எல்லாம் வந்துவிட்டதா, வாக்குமூலங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். வழக்குக் கட்டைப் பிரிக்காமலேயே இருந்தால் அப்போதே பேசிவிட வேண்டும்.

பேசியும் பயனில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். பழையவரிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கி, புதியவர் வக்காலத்துப் போடுவது வழக்கம். தம்பி உள்ளே இருந்தால் அவனே சிறையில் கையெழுத்துப் போட்டு, சிறை அதிகாரி சான்று செய்து தருவார். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளலாம், கட்டு உங்களுடையது. சாட்சி விசாரணை தொடங்கும் முன் மாற்றினால் புதியவருக்குப் படிக்க நேரம் இருக்கும். பாதிச் சாட்சிகள் முடிந்த பிறகு மாற்றினால், கேட்காமல் விட்ட கேள்விக்கு மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.